கேளுங்கள், சொல்கிறோம்: ஒரே இதழ், இரண்டு பாணி

கேள்வி: எங்கள் சமூக மன்ற இந்தியர் நற்பணிச் செயற்குழு 8 பக்கச் செய்தி இதழ் ஒன்றை டாப்ளாய்ட் அளவில் (நாளிதழின் பாதி அளவு) அச்சிடுகிறது. பக்கம் வடிவமைப்பவர்கள் இருவர். ஒருவர் எல்லாவற்றையும் கட்டம் கட்டமாக அடுக்குவார். மற்றவருக்குப் பெரிய படமும் தாராளமான வெற்றிடமும் வேண்டும். பார்த்தால் இரண்டு பத்திரிகை போல் இருக்கிறது. யாருடைய பாணியை வைத்துக்கொள்வது?
- வாசகர், ஈசூன்

பதில்: இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். கண்ணை உறுத்துவது பெரும்பாலும் பத்தி அகலமும் எழுத்தளவும் பக்கத்துக்குப் பக்கம் மாறுவதுதான். அவற்றை மாஸ்டர் பக்கத்திலேயே (எல்லாப் பக்கங்களுக்கும் அடிப்படையாகும் மாதிரிப் பக்கம்) பூட்டிவிடுங்கள். 280 மி.மீ. அகலத் தாளில் இருபுறமும் 12 மி.மீ., பத்திகளுக்கிடையே 4 மி.மீ. விட்டால், 48 மி.மீ. அகலத்தில் ஐந்து பத்தி கிடைக்கும். செய்தி எழுத்து 9.5 பாயிண்ட், வரி இடைவெளி 13. ஆங்கிலத்துக்குப் போதுமான 11-ஐத் தமிழுக்கும் போட்டால், மேல்வரி 'கூ'வின் சுழி கீழ்வரி 'கீ'யின் கொக்கியில் இடிக்கும். தலைப்புக்கு 42, 28, 18 என மூன்று அளவு போதும்.

செய்திப் பக்கங்களைக் கட்டக்காரரிடம் கொடுங்கள். ஒவ்வொரு செய்தியும் செவ்வகமாக இருப்பதால், கடைசி நேரத்தில் ஒன்றை எடுத்து இன்னொன்றை வைத்தாலும் பக்கத்துச் செய்தி அசையாது. படத்தைச் சுற்றி எழுத்தை ஓடவிட்ட பக்கத்தில் நான்கு வரி குறைத்தாலே முழுவதையும் மறுபடி அடுக்க வேண்டும். பொங்கல், தீபாவளிச் சிறப்புப் பக்கங்கள் முன்கூட்டியே முடிவாகிவிடும், அவை மற்றவருக்கு.

கட்டப் பாணியிலும் ஓர் ஆபத்து உண்டு. ஒரே அளவுத் தலைப்புகள் இரண்டு ஒரே வரிசையில் நின்றால், 'புதிய செயற்குழு', 'டெங்கிக் கொசு ஒழிப்பு' என்ற இரண்டையும் ஒரே தலைப்பாகச் சேர்த்துப் படித்துச் சிரிப்பார்கள். ஒன்றின் அளவை மாற்றுங்கள், அல்லது நடுவே படம் வையுங்கள்.

48 மி.மீ. வரியில் தமிழ்ச் சொல் இரண்டு மூன்றுதான் அடங்கும். இருபுறமும் சமன்செய்தால் சொற்களுக்கு நடுவில் பொக்கை போல் வெற்றிடம் விழும். நீண்ட கட்டுரைக்கு இரண்டு பத்தியைச் சேர்த்து 100 மி.மீ. ஆக்குங்கள், குறுஞ்செய்திக்கு இடப்பக்கம் மட்டும் சீராக இருந்தால் போதும். சொல்லை உடைக்க நேர்ந்தால், புள்ளி எழுத்து அடுத்த வரியின் தொடக்கத்தில் வரக்கூடாது.

கேள்வி: கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து திரையில் பளிச்சென்று இருக்கிறது, அச்சில் அடைத்துப்போகிறது. ஏன்?
- வாசகி, தெம்பனிஸ்

பதில்: நியூஸ்பிரிண்ட், அதாவது செய்தித்தாள் அச்சிடும் தாள், மையை உறிஞ்சிப் பரப்பும். முதலில் அடைபடுவது 'ஞ', 'ணு' போன்ற எழுத்துகளின் உள்வெளி. அதோடு, வண்ண அச்சின் நான்கு மையும் (நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு) கலந்த கறுப்பாக இருந்தால், ஒரு மையின் அச்சுத் தகடு இம்மியளவு நகர்ந்தாலும் வெள்ளை எழுத்தின் ஓரத்தில் சிவப்போ நீலமோ கசியும். பின்னணிக்குக் கறுப்பு மை மட்டும் 100% கொடுங்கள். எழுத்து தடித்ததாக, 11 பாயிண்டுக்குக் குறையாமல் இருக்கட்டும். படங்களின் கரும்பகுதியில் நான்கு மையின் கூட்டுத்தொகை 240%-ஐத் தாண்டினால் மை காயாமல் எதிர்ப்பக்கத்தில் ஒட்டும். அச்சகம் வைத்திருக்கும் வரம்பைக் கேட்டுக்கொண்டு பிடிஎஃப் அனுப்புங்கள்.