முகம் தெளிவாகிவிட்டது, அம்மா ஜாடைதான் இல்லை

கேள்வி: அப்பா அம்மாவின் 1983 கல்யாண ஆல்பம் பீரோவுக்குள்ளேயே இருந்தும் படங்கள் எல்லாம் சிவந்துபோய்விட்டன. ஒன்றை ஸ்டூடியோவில் கொடுத்துப் புதுப்பித்தேன். முகம் பளிச்சென்று இருக்கிறது, ஆனால் அம்மா ஜாடையே இல்லை. சரிசெய்ய முடியுமா? இன்னொரு படம் ஃபிரேம் கண்ணாடியோடு ஒட்டிக் கிடக்கிறது.

பதில்: ஸ்டூடியோ தந்த ஃபைலை விட்டுவிடுங்கள். மூலப் படத்திலிருந்துதான் மறுபடி தொடங்க வேண்டும். அது இன்னும் கடையில் இருந்தால் இன்றைக்கே போய் வாங்கி வந்துவிடுங்கள்.

குரூப் போட்டோவில் அம்மா முகம் சுண்டுவிரல் நகம் அளவுதான் இருக்கும். படத்தில் பதிவாகாத இமைமுடியையும் பல்வரிசையையும் ஏஐ செயலி, தான் பழகிய எத்தனையோ பேர் முகங்களை வைத்து ஊகித்து வரைந்துவிடுகிறது. கீறல், பூஞ்சைப் புள்ளி, பின்னணிக் கிழிசலுக்கு அதைப் பயன்படுத்தலாம். முகத்தில் கை வைக்க விடாதீர்கள்.

பல கடைகளில் மொபைலில் ஒரு க்ளிக், இலவசச் செயலியில் ஒரு தட்டு, வாட்ஸாப்பில் சுருங்கிப்போன ஒரு ஜேபெக், அவ்வளவுதான் வேலை. அதற்கு 'ரெஸ்டோரேஷன்' என்று பெரிய பில். கொடுக்கும் முன்பே கேளுங்கள்: எத்தனை டிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளிகள் என்ற கணக்கில்) ஸ்கேன் செய்வீர்கள்? கைவைக்காத ஸ்கேனையும், தரம் குறையாமல் படத்தைச் சேமிக்கும் டிஃப் ஃபைலாகத் தருவீர்களா? மழுப்பினால் படத்தோடு எழுந்து வந்துவிடுங்கள். மாவட்டத்துக்கு ஒரு நூலகத்திலாவது நல்ல ஸ்கேனர் ஒன்றை வைத்துச் சொல்லிக்கொடுக்க ஆள் போட்டால், ஜனங்கள் இப்படி ஏமாற வேண்டியதே இல்லை. யாரிடம் சொல்ல?

சிவப்புக்கு வருவோம். அந்தக் காலக் கலர் பிரிண்டில் நீலப்பச்சைச் சாயம் இருட்டில் வைத்தாலும் வெளுக்கும். மிச்சம் நிற்பது செம்மை. 600 டிபிஐ, நிறத்தை நுணுக்கமாகப் பதியும் 48 பிட் கலரில் ஸ்கேன் செய்து டிஃப்பாக வையுங்கள். கிம்ப், படங்களைத் திருத்தும் இலவச மென்பொருள். அதில் 'லெவல்ஸ்' திறந்து சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியாக எடுத்து, வரைபடத்தின் மேடு தொடங்கும் இடத்துக்கும் முடியும் இடத்துக்கும், அதன் அடியில் இரு முனையிலும் உள்ள முக்கோணங்களை நகர்த்துங்கள். படத்தில் யாராவது கட்டியிருக்கும் வெள்ளை வேட்டியைப் பார்த்துக்கொண்டே செய்யுங்கள். வேட்டி வெள்ளையானால் முகத்தின் நிறமும் பெரும்பாலும் திரும்பிவிடும்.

கண்ணாடியில் ஒட்டிய படம் தனிக் கதை. ஈரம் பட்டு, படத்தின் மேல்பூச்சான ஜெலட்டின் இளகிக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டது. பிளேடு, ஹேர் டிரையர், ஆவி எதுவும் வேண்டாம். தண்ணீரில் ஊறப்போடுங்கள் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். உரித்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். ஃபிரேம் கட்டையையும் பின் அட்டையையும் மட்டும் கழற்றி, கண்ணாடி கீழே இருக்கும்படி ஸ்கேனரில் வையுங்கள். உள்ளே லென்ஸ் வைத்த, சற்றுத் தடிமனான சிசிடி வகை ஸ்கேனராக இருக்க வேண்டும், இது முக்கியம். மெலிதான சிஐஎஸ் ஸ்கேனரில் கண்ணாடிக் கனத்துக்கே படம் மங்கிவிடும். சிசிடி கிடைக்காவிட்டால் ஜன்னல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல் கேமராவில் நேர் மேலிருந்து எடுங்கள். லென்ஸ் மட்டும் தெரிகிற மாதிரி ஓட்டை போட்ட கறுப்புத் துணியைக் கேமராவுக்கு முன்னால் பிடித்துக்கொண்டால் பிரதிபலிப்பு விழாது.