கங்காரு தீவா, மரியா தீவா? வாசகர் கேள்விகள்

கேள்வி: மெல்பர்னில் மகன் வீட்டுக்கு வந்திருக்கிறோம். மிருகக்காட்சிசாலையில் கங்காரு, கோலா எல்லாம் பார்த்தாகிவிட்டது. ஆனால் என் கணவருக்கு வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்ததில் திருப்தி இல்லை. மகனுக்கு மூன்று நாள்தான் லீவு. கங்காரு தீவுக்குப் போகலாம் என்கிறான். எனக்கு மூட்டு வலி வேறு. என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி, சேலம்

பதில்: பெயரிலேயே கங்காரு இருப்பதால் எல்லோரும் அங்கேதான் கிளம்புகிறார்கள். நல்ல இடம்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அடிலெய்டுக்கு விமானம், அங்கிருந்து கேப் ஜெர்விஸ் வரை கார், அப்புறம் முக்கால் மணி நேரம் கப்பல். தீவே 150 கிலோமீட்டர் நீளம். மூன்று நாளில் பாதி காருக்குள்ளேயே கழிந்துவிடும். மெல்பர்னுக்குப் பக்கத்தில் பிலிப் தீவு இருக்கிறது. அந்தி நேரத்தில் கடலிலிருந்து குட்டிப் பென்குயின்கள் வரிசையாகக் கரையேறும். பார்க்க வேண்டிய காட்சிதான். ஆனால் கிரிக்கெட் மேட்ச் போலப் படிக்கட்டில் கூட்டத்தோடு உட்கார்ந்து பார்க்க வேண்டும். உங்கள் வீட்டுக்காரருக்கு அதுவும் இன்னொரு வேலியாகத்தான் படும்.

என்னைக் கேட்டால் ஆஸ்திரேலியாவின் தெற்கே உள்ள டாஸ்மேனியா மாநிலத்தில் இருக்கும் மரியா தீவு. எழுதுவது மரியா, அங்குள்ளவர்கள் சொல்வது ‘மரையா’. அந்த மாநிலத் தலைநகர் ஹோபார்ட்டுக்கு விமானத்தில் போய், கார் எடுத்துக்கொண்டு ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஓட்டினால் டிரயாபன்னா. அங்கிருந்து படகு. தீவில் கடை கிடையாது, நாம் கார் கொண்டுபோக முடியாது. அரிசி, பருப்பு முதல் குப்பையைத் திரும்ப எடுத்துவரும் பை வரை எல்லாம் நம் கையோடு போக வேண்டும்.

காலையில் போய் மாலையில் திரும்புவதாக மட்டும் திட்டம் போடாதீர்கள், ஒரு ராத்திரி தங்குங்கள். தங்குமிடம் பழைய கைதிகள் சிறைக்கட்டடம். 1825இல் தொடங்கிய கைதிகள் குடியிருப்பின் மிச்சம். அறையில் மரக்கட்டில், மெத்தை, விறகடுப்பு உண்டு. மின்சாரம் இல்லை, போர்வை நம்முடையது. ராத்திரி கழிப்பறைக்கு டார்ச் பிடித்துக்கொண்டு வெளியே நடக்க வேண்டும். மூட்டு வலிக்காரர் நீங்கள். கீழ்க்கட்டிலைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.

கடைசிப் படகு கிளம்பிய பிறகுதான் தீவு விலங்குகளின் கைக்கு வருகிறது. தங்குமிடம் இருக்கும் டார்லிங்டன் பகுதியின் புல்வெளியில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தால் போதும், நடக்கவே வேண்டாம். போன முறை நாங்கள் உட்கார்ந்திருந்தபோது, அரிசி மூட்டை உருண்டு வருவது போல ஒரு வாம்பேட் வந்தது; குட்டிக் கரடி மாதிரி இருக்கும், கங்காரு போலப் பையில் குட்டியைச் சுமக்கும் விலங்கு. எங்களை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கரகரவென்று புல்லைக் கடிக்கும் சத்தம் மட்டும். அது திரும்பியபோதுதான் பின்னங்கால்களுக்கு நடுவே இன்னொரு சின்ன முகம் தெரிந்தது. வாம்பேட்டின் பை பின்பக்கம் பார்த்துத் திறக்கும். வளை தோண்டும்போது குட்டி மேல் மண் விழாது. அம்மா மேய, குட்டியும் பையிலிருந்தபடியே எட்டிப் புல்லைக் கடித்தது. கிட்டே போகாதீர்கள், தொடாதீர்கள். செல்ஃபி குச்சியோடு துரத்த மாட்டேன் என்று பயணிகளிடம் உறுதிமொழி கேட்கும் அளவுக்கு அங்கே நம் ஜனங்கள் ஆட்டம் போட்டிருக்கிறார்கள்.

டாஸ்மேனியன் டெவிலும் உண்டு. சின்ன நாய் அளவில், பையில் குட்டி வளர்க்கும் மாமிச விலங்கு. அது இந்தத் தீவின் பூர்வகுடி இல்லை. ஒன்றையொன்று கடிப்பதால் தொற்றும் முகப் புற்றுநோயில் அந்த இனமே அழிந்துகொண்டிருந்ததால், 2012இல் நோயில்லாதவற்றைக் கொண்டுவந்து விட்டார்கள். டெவில் பிழைத்தது. ஆனால் தீவிலிருந்த பென்குயின் கூட்டம் மொத்தமும் அதற்கு இரையாகிப் போய்விட்டது. ஒன்றைக் காப்பாற்ற இன்னொன்றைக் காவு கொடுத்த கணக்கு எனக்கு இன்னும் நெருடுகிறது. எங்களுக்கு டெவில் தரிசனம் கிடைக்கவில்லை, நடுராத்திரியில் அலறல் மட்டும்தான் கேட்டது.

ஒரு எச்சரிக்கை. கர்ராவாங் என்று காக்கை போல ஒரு பறவை. பையின் ஜிப்பை அலகால் இழுத்துத் திறக்கும். ஹோபார்ட்டில் விடியற்காலை எழுந்து நான் கிளறிய புளியோதரை அதற்குத்தான் போய்ச் சேர்ந்தது. சாப்பாட்டை மூடி போட்ட டப்பாவில் வையுங்கள்.

கேள்வி: வாம்பேட்டின் சாணம் சதுரமாக இருக்கும் என்கிறாள் பேத்தி. கதை விடுகிறாளா?
– ஒரு தாத்தா, திண்டுக்கல்

பதில்: நிஜம்தான். குடலின் சுவர் சில இடத்தில் விறைப்பாகவும் சில இடத்தில் நெகிழ்வாகவும் இருப்பதால் சதுரக் கட்டிகளாக வெளியே வருகிறது. இதைக் கண்டுபிடித்தவர்களுக்கு 2019இல் இக் நோபல் பரிசும் கொடுத்தார்கள்; முதலில் சிரிக்கவும் பிறகு யோசிக்கவும் வைக்கும் ஆராய்ச்சிகளுக்குக் கொடுக்கும் பரிசு அது. மரியா தீவில் பாறை மேலும் பாதை ஓரத்திலும் கிடந்ததைப் பார்த்தேன். காய்ந்த ஒன்றைக் கையில் எடுத்தும் பார்த்தேன். மைசூர்பாகு அளவு, நாற்றமில்லை, வைக்கோல் வாசனை. பேத்தியிடம் மன்னிப்புக் கேட்டுவிடுங்கள்.