நாசில் கடையும் வேலைக்குப் பையனை அனுப்பலாமா?

வணக்கம் அம்மா,

ஐடிஐயில் டர்னர் (லேத்தில் உலோகம் கடையும் பிரிவு) முடித்த மகன் துவாக்குடியில் ஒரு மெஷின் ஷாப்பில் அப்ரண்டிஸாகச் சேரப்போவதாகச் சொல்கிறான், லேத் பட்டறைக்குப் போவதற்கு பி.இ. சேர்த்துவிடலாமே என்று கேட்டிருக்கிறீர்கள். சேரட்டும் என்றுதான் சொல்வேன். ஆனால் அங்கே என்ன கற்றுத் தருவார்கள் என்று விசாரித்துவிட்டுச் சேரட்டும்.

பாய்லர், பிரஷர் வெசல் மாதிரி அழுத்தம் தாங்கும் கலன்களில் குழாய் வந்து சேரும் வாய்தான் நாசில். கலனில் துளை போட்டாலே அந்த இடம் பலவீனமாகிவிடும். அதை ஈடுகட்டத்தான் கனத்த ஃபோர்ஜிங்கிலிருந்து (காய்ச்சி அடித்து உருவாக்கிய உலோகத் துண்டு) சுவர் தடிமனாக நாசிலைக் கடைந்தெடுக்கிறார்கள். சாதாரண கார்பன் ஸ்டீல் என்றால் எஸ்ஏ 105 என்ற தரம், சூடு அதிகமான இடத்துக்கு குரோமியமும் மாலிப்டினமும் கலந்த எஃப்11, எஃப்22. துண்டே விலை கூடியது. உள்விட்டம் அளவு மீறிப்போனால் அநேகமாக ஸ்கிராப்தான்.

கச்சாத் துண்டின் மேல் ஹீட் நம்பர், அதாவது அது எந்த உருக்கில் வந்தது என்று காட்டும் எண், பஞ்ச் அடித்திருக்கும். கடையத் தொடங்கினால் அந்த எண் சீவலோடு போய்விடும். அதனால் முதலில் அதைக் கடையாத இடத்துக்கு மாற்றி அடித்து, இன்ஸ்பெக்டரிடம் காட்ட வேண்டும். மறந்தால், அளவு எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் ஜாப் (கடைந்த துண்டு) ரிஜெக்ட் ஆகலாம்; அது எந்த உலோகம் என்பதற்கு ஆதாரமே இல்லையே! அப்புறம் ஃபிளேஞ்ச் முகம், அதாவது குழாயோடு போல்ட் போட்டு இணைக்கும் விளிம்பின் முகம். கசிவைத் தடுக்கும் கேஸ்கெட் உட்காரும் இடத்தைப் பளபளவென்று ஆக்கக் கூடாது, மெல்லிய வரிகளாக விட வேண்டும். வழக்கமான ஃபினிஷ் (சொரசொரப்பின் அளவு) 3.2 முதல் 6.3 மைக்ரான். கண்ணாடி மாதிரி முடித்துவிட்டுப் பெருமையாக நிற்கும் புதுப்பையன்கள் திட்டு வாங்குவது இங்கேதான்.

ட்ராயிங், அளவு, உலோகத்துக்கான சர்டிஃபிகேட் மூன்றும் பிடிபட்டவன் நாளைக்கு க்யூசிக்கோ (தரப் பரிசோதனை) சிஎன்சி (கம்ப்யூட்டரில் ஓடும் மெஷின்) புரோகிராமுக்கோ போகலாம். ஜாப்பை மாட்டிப் பட்டனை மட்டும் அழுத்துகிறவன் அங்கேயே நிற்பான். ஆகவே சாதா லேத், விடிஎல் (பெரிய துண்டுகளைக் கடையும் செங்குத்து லேத்) இரண்டிலும் விடுவார்களா, டூல் செட்டிங்கை அவன் கையால் செய்ய விடுவார்களா என்று கேளுங்கள். அப்ரண்டிஸுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் ஷூவும் கொடுக்காத ஷாப் என்றால் வேண்டவே வேண்டாம்.

ஒரு விஷயத்தை மறைக்க மாட்டேன். திருச்சியில் இப்படிப்பட்ட யூனிட்டுகள் நிறைய, பெல் (பிஎச்இஎல், அங்கே பாய்லர் செய்யும் அரசு நிறுவனம்) ஆர்டரை நம்பியவை. மின்நிலைய ஆர்டர் குறைந்தபோது பல ஷாப்புகள் வேலையில்லாமல் தவித்தன. ரிஃபைனரி, உரத் தொழிற்சாலை ஆர்டரும் எடுக்கிற ஷாப் என்றால் கொஞ்சம் நிம்மதி.

பி.இ. எங்கும் ஓடிவிடாது. ஐடிஐ முடித்தவர் டிப்ளமோ இரண்டாம் ஆண்டிலும், டிப்ளமோ முடித்தவர் பி.இ. இரண்டாம் ஆண்டிலும் நேரடியாகச் சேரலாம்.

ஷாப்புக்குப் போகும்போது, அப்ரண்டிஸ்ஷிப் ஒப்பந்தத்தை அரசு இணையதளத்தில் பதிவு செய்வார்களா என்பதை முதலில் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். பதிவு இல்லையென்றால் கடைசியில் தேர்வு எழுத முடியாது, என்ஏசி (தேசிய அப்ரண்டிஸ்ஷிப்) சான்றிதழும் கிடைக்காது.