ஸ்கூல் பக்கம் மணிக்கு 30 கிலோமீட்டர் வேக வரம்ப கொஞ்சம் தாண்டினவர போலிஸ் தயவு பார்த்து விட்டுடலாமா?

விடலாம், ஆனா நேரம் பார்த்து. ராத்திரி பத்து மணிக்கு காலி ரோட்ல 36-ல போனவருக்கு வாயால சொல்லி அனுப்பினா போதும். மத்தியானம் ஒரு மணிக்கு எங்க தோட்டத்து தமிழ்ப்பள்ளி கேட்டுக்கு வந்து பாருங்க, அம்மாமாருங்க மோட்டார் சைக்கிள்ல முன்னாடி ஒண்ணு பின்னாடி ரெண்டுன்னு பிள்ளைங்கள ஏத்திக்கிட்டு இருப்பாங்க, அந்தப் பக்கம் செம்பனை, அதான் எண்ணெய்ப் பனை, அதோட குலை ஏத்துன லோரி மில்லுக்குப் பறக்கும், ரோடெல்லாம் உதிர்ந்த பழம் நசுங்கி வழுக்கும். வேகம் ரெண்டு மடங்கானா பிரேக் பிடிச்சு நிக்கிற தூரம் நாலு மடங்கு, அப்புறம் 60-ல வர்றவன்கிட்ட என்ன தயவு, அபராத சம்மன்தான். தெரிஞ்சவன்னா விடுறது, தெரியாதவன்னா எழுதுறது, அது வேற கதை, அதுக்குப் பேரு விட்டுக்கொடுக்கறது இல்ல. 30 போர்டு செடிக்குள்ள மறைஞ்சு கிடந்தா மட்டும் மாட்டுறவன் பாவம்தான், முதல்ல அந்தச் செடிய வெட்டுங்கப்பா.