பங்குனிப் புழுக்கம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நான் பிறந்தது நாகப்பட்டினம், வாழ்க்கைப்பட்டது குன்னூர். பங்குனி பிறந்துவிட்டால் என் அம்மா தொலைபேசியை எடுத்தாலே புழுக்கம், பிசுபிசுப்பு என்றுதான் புலம்புகிறார். செய்தியிலோ நாகையைவிடத் திருச்சியின் வெயிலே கூடுதலாகச் சொல்லப்படுகிறது. கடலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஏன் இந்தப் பாடு? (குன்னூர் வாசகி)

பதில்: உங்கள் அம்மா மிகைப்படுத்தவில்லை. வெப்பமானி காற்றின் சூட்டைச் சொல்லுமே தவிர, வியர்வை உலர்கிறதா என்பதைச் சொல்லாது. வியர்வை ஆவியாகும்போது உடம்பின் சூட்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போகிறது. கடலோரக் காற்றில் ஏற்கெனவே நீராவி மிகுந்திருப்பதால் அந்த வேலை மந்தமாகிவிடுகிறது. திருச்சியில் கொடியில் போட்ட துணி பார்த்துக்கொண்டிருக்கும்போதே காய்ந்துவிடும். நாகையில் உப்பு ஜாடிக்குள் நாலு அரிசி போட்டு வைத்தாலும் உப்பு கசிகிறது. கடலோரத்தாருக்கு உள்ள ஒரே ஆறுதல் கடற்காற்று. நிலம் கடலைவிட விரைவில் சூடேறி, அதன்மேல் உள்ள காற்று மேலெழும்ப, அந்த இடத்தை நிரப்பக் கடலின் மேலிருக்கும் குளிர்ந்த காற்று நண்பகலையொட்டி உள்ளே புகுகிறது. மேற்கிலிருந்து கச்சான் பலமாக வீசும் நாள்களில் அது தாமதமாகிறது. சில நாள்களில் எட்டிப் பார்ப்பதே இல்லை. அன்று வெப்பமானியும் உங்கள் அம்மாவின் கட்சிக்கு வந்துவிடும்.

குன்னூர் ஏறத்தாழ 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆயிரம் மீட்டருக்குச் சுமார் 6.5 டிகிரி குறையும் என்று கொண்டால், நீங்கள் நாகையைவிடப் பன்னிரண்டு டிகிரி குளிர்ச்சியில் இருக்கிறீர்கள். ஆயினும் மலையின் இளவேனிலும் குறையற்றதன்று என்பதை அவரிடம் தாராளமாகச் சொல்லலாம்: உறைபனி கருக்கிய புல் ஒரு தீப்பொறிக்குக் காத்திருக்கிறது, கோடைமழை இறங்கும்வரை தேயிலையில் கொழுந்து ஏறுவதில்லை, குழாயில் தண்ணீர் வரும் நாளும் தள்ளித் தள்ளிப் போகிறது.

கேள்வி: சித்திரையில் மீன் விலை ஏறுவதற்கு வியாபாரிகள்தாம் காரணமா? (கூடலூர் வாசகர்)

பதில்: முழுப் பழியையும் அவர்கள்மேல் போட முடியாது. மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலம் என்பதால், தமிழகத்தின் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்களுக்கு விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. நாட்டுப்படகுகள் போகலாம், ஆனால் அவை கொண்டுவருவது கரையோர ஊர்களுக்கே பற்றாது. மேற்குக் கரையில் தடை பிற்பாடுதான் தொடங்குகிறது என்பதால், கேரளத்து மீனுக்கு அருகில் இருக்கும் உங்கள் ஊர்க்காரர்கள், எங்களைப்போல் கோத்தகிரியில் இருப்பவர்களைவிடக் கொடுத்துவைத்தவர்கள். கேரளத்தில் ஜூன் 9 நள்ளிரவில் விசைப்படகுகளுக்குத் தடை தொடங்கிவிடுவதால், கிழக்குக் கரையில் தடை முடியும்வரையுள்ள சில நாள்களில் இரு பக்கமும் வறட்சிதான். அந்த நாள்களில் கருவாட்டுக் குழம்பு வைப்பதே உத்தமம். ஐஸில் பல நாள் கிடந்த வஞ்சிரத்துக்குக் கொட்டிக்கொடுப்பதைவிட அது ருசியானதும்கூட.

கேள்வி: மார்ச், ஏப்ரலில் ஊதாப் பூவாய்ச் சொரியும் மரம் நம் மலைக்கு உரியதா? (கோத்தகிரி வாசகர்)

பதில்: இல்லை. ஜகரண்டா தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. தேயிலைத் தோட்டங்களில் மஞ்சளாய்ப் பூக்கும் சில்வர் ஓக் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. சோலைக்காட்டு ஓரத்தில் சிவப்பாய்ப் பூக்கும் காட்டுப் பூவரசே நம்முடையது.

கேள்வி: கடலூரிலிருந்து கோடை விடுமுறைக்கு வந்திருக்கும் என் மாமியார், என் கையில் சோறு வேகாமல் போவதற்கு என் சமையலே காரணம் என்கிறார். என்ன பதில் சொல்வது? (உதகை வாசகி)

பதில்: மாமியாரையே ஒரு நாள் திறந்த பாத்திரத்தில் வடிக்கச் சொல்லுங்கள். உதகை சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே காற்றழுத்தம் குறைவு. கடலூரில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர் உங்கள் அடுப்பில் 93 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடுகிறது. அடுப்பை எவ்வளவு தூண்டினாலும் தண்ணீர் அதற்குமேல் சூடேறாது. ஆவியாகித் தீரும், அவ்வளவுதான். குக்கரில் அழுத்தம் கூடுவதால் குறை பெரும்பாலும் நீங்கும். புழுங்கலரிசியை அரைமணி கூடுதலாக ஊறவைத்து, கடலூர்க் கணக்குக்கு மேல் ஒரு விசில் சேர்த்து விடுங்கள். பருப்புக்கு இரண்டு.