பாடநூல் எழுதியவர்

அன்புள்ள ஐயா,

நான் மேல்நிலைப் பள்ளியில் வணிகவியல் ஆசிரியை. பிளஸ் ஒன் முதல் வகுப்பை "கணக்கியலின் தந்தை லூக்கா பாச்சோலி" என்று சொல்லித்தான் தொடங்குவேன். இந்த ஆண்டு ஒரு மாணவன் எழுந்து, "இரட்டைப் பதிவு முறையை அவர் கண்டுபிடிக்கவில்லை, அடுத்தவர் நூலையும் திருடியிருக்கிறார்" என்றான். தேடிப் பார்த்தேன், அவன் சொன்னது சரிதான் போலிருக்கிறது. வெறும் பாடநூல் எழுதியவருக்கு இத்தனை மரியாதை தேவையா? லியொனார்டோ டா வின்சிக்கு அவர் கணிதம் கற்பித்தாரா? படிக்க நல்ல நூல்களும் சொல்லுங்கள்.

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

அந்தப் பையனைத் திட்டியிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். கேள்வி கேட்கிற பிள்ளை ஒரு வகுப்புக்குக் கிடைப்பது அபூர்வம்.

லியொனார்டோ விஷயம் உண்மை. மிலானை ஆண்ட லுடோவிகோ ஸ்ஃபோர்சாவின் அரண்மனையில் இருவரும் ஒன்றாக இருந்தார்கள். பாச்சோலியின் 'தெய்விக விகிதம்' நூலுக்குப் பன்முகி உருவங்களை, அதாவது பல தட்டை முகங்கள் கொண்ட கனவடிவங்களை, வரைந்தது லியொனார்டோதான். 1499இல் பிரெஞ்சுப் படை வந்ததும் இருவரும் ஊரைவிட்டுக் கிளம்பினார்கள். இது போதும்.

என்னை உறுத்தியது "வெறும் பாடநூல்" என்ற உங்கள் வார்த்தை. வாழ்நாளை வகுப்பறையில் கழிக்கிற நீங்களா இப்படி எழுதுவது? கோபமாகத்தான் இருக்கிறது.

ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலையும் பற்று, வரவு என்று இரண்டு இடத்தில் எழுதுகிற இரட்டைப் பதிவு பாச்சோலிக்கு முன்பே இருந்தது. ஃபரோல்ஃபி வணிகக் குழுமத்தின் 1299-1300 கணக்கிலும் ஜெனோவா நகராட்சியின் 1340 கணக்கிலும் அதைப் பார்க்கலாம். தான் எழுதுவது வெனிஸ் நகரத்து முறை என்று பாச்சோலியே சொல்கிறார். கண்டுபிடித்தேன் என்று அவர் சொல்லிக்கொண்டதே இல்லை. பட்டத்தைக் கொடுத்தது பின்னால் வந்தவர்கள், அதற்கு அவர் என்ன செய்வார்? பெனடெட்டோ கொட்ருல்யி என்ற வணிகர் 1458லேயே இதைப் பற்றி எழுதிவிட்டார். ஆனால் அது அச்சுக்கு வந்தது 1573இல்.

என் மாமா ஒருவர் ஜவுளிக் கடையில் கணக்குப்பிள்ளையாக இருந்தார். சிட்டையும் பேரேடும் அவர் கையில் அவ்வளவு சுத்தமாக இருக்கும். உதவிக்கு வரும் பையன்கள் ஏதாவது கேட்டால், "பார்த்துக் கத்துக்கோ" என்பார். நான் கேட்டாலும் அதே பதில்தான். நல்ல மனிதர், எனக்குப் பள்ளிக் கட்டணம் கட்டியவர். ஆனால் தொழிலை ஒருவருக்கும் வாய்திறந்து சொல்லாமலே போய்ச் சேர்ந்தார். சொல்லிவிட்டால் தன் வேலை போய்விடும் என்ற பயம். கொஞ்ச நாளாக அவரைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன், உங்கள் கடிதம் வந்தது.

பாச்சோலி செய்ததை இப்போது பாருங்கள். சான்செபோல்க்ரோ என்ற சிற்றூரில் பிறந்தவர். வெனிஸில் ரோம்பியாசி என்ற வணிகரின் மூன்று மகன்களுக்குப் பாடம் சொன்னவர். பிறகு பிரான்சிஸ்கன் துறவி. 1494இல் வெனிஸில் 'சும்மா' (Summa, தொகுப்பு என்று பொருள்) என்ற பெரிய கணித நூலை அச்சிட்டார். சுமார் அறுநூறு பக்கங்கள். கணக்கு எழுதும் முறைக்கு அதில் 27 பக்கம். அறிஞர்களின் லத்தீனில் எழுதவில்லை, கடைக்காரர்கள் பேசுகிற இத்தாலிய மொழியில் எழுதினார்.

முதலில் உன்னிடம் உள்ளதையெல்லாம் பட்டியல் போடு, ரொக்கம், நகை மாதிரி எளிதில் தொலையக்கூடியதை முதலில் எழுது என்கிறார். அப்புறம் மூன்று புத்தகங்கள்: சிட்டை, குறிப்பேடு, பேரேடு. நடந்தது நடந்தபடியே சிட்டையில் ஏறும். முதலாளி இல்லாவிட்டால் கடை ஆட்கள் எழுதலாம், எழுதத் தெரிந்தால் வீட்டுப் பெண்களும் எழுதலாம். அங்கே எந்த நாணயத்திலும் தொகை இருக்கலாம். குறிப்பேட்டுக்குப் போகும்போது எல்லாம் ஒரே நாணயமாகி, பற்று எது வரவு எது என்று பிரிந்துவிடும். ஒவ்வொரு கணக்கும் தனித்தனியாக இருக்கும் பேரேட்டுக்குக் கொண்டுபோனதும் குறிப்பேட்டில் ஒரு கோடு பற்றுக்கு, ஒரு கோடு வரவுக்கு. கோடு இல்லையென்றால் பதிவு விட்டுப்போயிருக்கிறது என்று பார்த்தவுடனே தெரியும். முன்பின் தெரியாத ஒருவனுக்கு இவ்வளவு பொறுமையாகச் சொல்ல எத்தனை அக்கறை வேண்டும்! என் மாமா எனக்கே சொல்லாததை இந்தத் துறவி ஊருக்கெல்லாம் சொன்னார்.

திருட்டு விஷயத்தில் உங்கள் மாணவன் பக்கம்தான் நான். பியரோ டெல்லா ஃபிரான்செஸ்கா அதே ஊர்க்காரர், பெரிய ஓவியர், கணிதமும் எழுதியவர். ஐந்து சீர்ப்பன்முகிகள் பற்றிய அவருடைய நூலை இத்தாலிய மொழியில் பெயர்த்து, 1509இல் அச்சான 'தெய்விக விகித'த்தில் பெயர் சொல்லாமல் சேர்த்துவிட்டார் பாச்சோலி. ஓவியர்களின் வாழ்க்கை வரலாறு எழுதிய வசாரி 1550இல் இதை வெளிப்படையாகக் குற்றம்சாட்டினார். 'சும்மா'வில் இதே பியரோவை நம் காலத்து ஓவிய வேந்தர் என்று புகழ்ந்தவருக்கு, இங்கே ஒரு வரி எழுத என்ன தடை? பையன்களிடம் இதை மறைக்காதீர்கள்.

நூல் பட்டியல் தரப்போவதில்லை. கணக்கியல் பகுதி 36 சிறு அத்தியாயங்கள்தான், ஆங்கில மொழிபெயர்ப்பு கிடைக்கிறது. அவரைப் பற்றிப் படிப்பதை விட்டுவிட்டு அவரையே படியுங்கள். வாங்குபவருக்கு ஒன்று, விற்பவருக்கு ஒன்று என இரண்டு கணக்குப் புத்தகம் வைப்பவர்களை ஏழாம் அத்தியாயத்தில் கண்டிக்கிறார். அதை அந்தப் பையனையே வகுப்பில் வாசிக்கச் சொல்லுங்கள்.