சர்வீசுக்குக் கொடுத்த தங்கக் கடிகாரத்தைப் பாலிஷ் போட்டு மாற்றிவிட்டார்: நஷ்டஈடு கேட்க முடியுமா?

கேள்வி: மறைந்த என் அப்பா 1960களில் வாங்கிய 18 கேரட் தங்க ஆட்டோமேட்டிக் கைக்கடிகாரம், அசல் டயலோடு நல்ல நிலையில் என்னிடம் இருந்தது. நேரம் பின்தங்கியதால், ‘சுத்தம் செய்து, எண்ணெய் போட்டு, நேரத்தைச் சரிசெய்தால் போதும்’ என்று சொல்லிப் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்தேன். முன்பணமும் கட்டினேன். வாங்கப் போனால், கேஸை (வெளிக்கூட்டை) பாலிஷ் போட்டு, டயலுக்குப் புதுப் பெயின்ட் அடித்து, சாவி கொடுக்கும் குமிழையும் மாற்றி வைத்திருக்கிறார். ‘புதுசாக்கிவிட்டேன்’ என்கிறார். எல்லாவற்றுக்கும் பணம் கட்டினால்தான் கடிகாரம் கிடைக்குமாம். ரசீதில் ‘சேதத்துக்கு நாங்கள் பொறுப்பல்ல’ என்று அச்சிட்டிருக்கிறது. என்ன செய்வது?

பதில்: நஷ்டஈடு கேட்கலாம். உங்கள் பக்கம் நியாயமும் இருக்கிறது, சட்டமும் இருக்கிறது. ஆனால் ‘பளபளவென்று ஆக்கிக் கொடுத்தால் அதில் என்ன நஷ்டம்?’ என்று எதிர்த்தரப்பு கேட்கும். இந்த ஒரு கேள்விக்கு நீங்கள் எப்படிப் பதில் சொல்கிறீர்கள் என்பதில்தான் வழக்கே இருக்கிறது.

பழைய கடிகாரத்தின் மதிப்பே அதை யாரும் கை வைக்காமல் விட்டதில் இருக்கிறது. பாலிஷ் சக்கரம் ஒவ்வொரு முறையும் தங்கத்தைக் கொஞ்சம் தின்றுவிடும். பட்டை மாட்டும் கொம்புகளின் கூர்மையான விளிம்பு மழுங்கும். அவற்றின் பின்பக்கத்தைப் பாருங்கள். ஸ்விட்சர்லாந்து தங்கக் கேஸ் என்றால் பெரும்பாலும் ஒரு பெண் தலை முத்திரை பொடியாக இருக்கும், 18 கேரட்டுக்கான அடையாளம் அது. முத்திரையின் கோடுகள் கரைந்துபோயிருந்தால் உலோகம் போயிருக்கிறது என்று அர்த்தம். டயலை லென்ஸ் வைத்துப் பாருங்கள். மறுபெயின்ட் அடித்த டயலில் பல சமயம் எழுத்தின் ஓரம் கசிந்திருக்கும், நிமிடக் கோடுகள் சீராக இருக்காது. இவற்றையெல்லாம் நல்ல வெளிச்சத்தில், நெருக்கத்தில் படம் எடுங்கள். அப்பா அதைக் கட்டியிருக்கும் பழைய படம், சர்வீசுக்குக் கொடுக்கும் முன் எடுத்த மொபைல் படம் எது இருந்தாலும் தேடி எடுத்து வையுங்கள். ‘முன்பு’, ‘பின்பு’ இரண்டையும் அருகருகே வைத்துக் காட்டுவதைவிட வலுவான சாட்சி இந்த வழக்கில் கிடையாது.

இனி சட்டம். ஒரு வேலைக்காகப் பொருளை ஒருவரிடம் கொடுத்து, வேலை முடிந்ததும் திரும்ப வாங்குவதை இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872, பெயில்மென்ட் என்கிறது (பிரிவு 148). சாதாரண விவேகமுள்ள ஒருவர் அதே தரமும் மதிப்பும் உள்ள தன் சொந்தப் பொருளை எப்படிக் கவனிப்பாரோ, அப்படி அவர் கவனித்திருக்க வேண்டும் (பிரிவு 151). நீங்கள் சொன்ன வேலை எண்ணெய் போடுவதும் நேரம் சரிசெய்வதும். அதைத் தாண்டிக் கை வைத்தது ஒப்பந்த மீறல். அதனால் குறைந்த மதிப்பைப் பிரிவு 73-இன் கீழ் கேட்கலாம். பெயில்மென்டில் கொடுத்தவர் யார் என்பதுதான் முக்கியம் என்பதால், வாரிசுச் சான்றிதழுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

பணம் கட்டினால்தான் தருவேன் என்பதில் அவருக்குப் பாதி உரிமைதான். உழைப்பும் திறமையும் செலுத்திய வேலைக்குக் கூலி வரும்வரை பொருளைப் பிடித்து வைக்கலாம் என்கிறது பிரிவு 170. ஆனால் அந்த வேலை, ஒப்படைத்த நோக்கத்துக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். பேசிய சர்வீஸ் கூலியில் பாக்கியைக் கொடுக்கத் தயார் என்று எழுத்தில் சொல்லுங்கள். பாலிஷுக்கும் பெயின்டுக்கும் பிடித்து வைக்க முடியாது. அப்படியும் தர மறுத்தால், ‘ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்’ என்று எழுதிக் கொடுத்து முழுப் பணத்தையும் கட்டிக் கடிகாரத்தை மீட்டுவிடுங்கள். அது அவர் கையில் இருக்கும் ஒவ்வொரு நாளும் எனக்குக் கவலைதான்.

ரசீதில் இருக்கும் அந்த வரிக்குப் பயப்பட வேண்டாம். சலவைக்குக் கொடுத்த புடவை தொலைந்த ஒரு வழக்கில், பாதி விலைதான் தருவோம் என்று ரசீதின் பின்னால் அச்சிட்டிருந்த நிபந்தனை பொதுநலனுக்கு விரோதமானது, செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1966-ஆம் ஆண்டுச் சட்ட இதழில் வந்த தீர்ப்பு அது. உங்கள் வழக்குக்கு நன்றாகவே உதவும்.

எங்கே போவது? முதலில் வக்கீல் நோட்டீஸ். பதில் சரியில்லை என்றால் நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி அங்கே கணக்கில் எடுப்பது கடிகாரத்தின் மதிப்பை அல்ல, சேவைக்குக் கொடுத்த தொகையை. அது 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணமே இல்லை. மதிப்புக் குறைவோடு மன உளைச்சலுக்கும் சேர்த்துக் கேட்கலாம். இரண்டு ஆண்டுகளுக்குள் போட வேண்டும். மதிப்புக் குறைந்ததை நிரூபிக்க, பழைய கடிகாரங்களில் அனுபவமுள்ள ஒருவரின் எழுத்துப்பூர்வமான கருத்து தேவைப்படும். அதை வாங்கும்வரை வேறு யாரிடமும் ‘சரிசெய்ய’க் கொடுத்துவிடாதீர்கள்.

போலீசுக்குப் போகலாமா என்று தோன்றும். கேட்காமல் பாலிஷ் போட்டது மட்டும் குற்ற வழக்காகாது. ஆனால் வாங்கும்போது அவர் முன்னிலையிலேயே பின்மூடியைத் திறக்கச் சொல்லி, உள்ளே இருக்கும் இயந்திரத்தில் பொறித்த எண்ணையும், ரோட்டரையும் (கை அசையும்போது சுழன்று சாவி கொடுக்கும் எடை) படம் எடுங்கள். பழைய ஆவணம் ஏதாவது இருந்தால் ஒப்பிடுங்கள். அசல் இயந்திரத்தையே நேர்மையில்லாமல் மாற்றியிருந்தால் அது நம்பிக்கை மோசடி, பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 316. அப்போது புகார் கொடுங்கள்.

அப்புறம், கழற்றிய பழைய குமிழ் உங்கள் சொத்து. டயலின் பழைய பூச்சு திரும்பாது, குமிழ் திரும்பும். நோட்டீசுக்கெல்லாம் முன்னால், நாளைக்கே போய் அதைக் கேட்டு வாங்குங்கள். கழற்றிப் போட்ட உதிரிகள் குப்பைக்குப் போக ஒரு வாரம்கூட ஆகாது.